அடைத்து வைத்த பலகை

மழை பெய்து பதினேழு நாளாகிவிட்டது. மாடி அறை ஜன்னலின் அடிப்பலகை மட்டும் ஈரமாக இருந்தது. கை ஊன்றி நின்று தெருவை வேடிக்கை பார்க்கத் தோதான, ஒரு சாண் அகலப் பழைய மரப்பலகை அது. அதன்மேல் அடித்திருந்த பச்சை பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, அங்கங்கே உரிந்து தொங்கியது. பக்கத்தில் குழாய் கிடையாது, மேலே தண்ணீர்த் தொட்டி கிடையாது, வெளிச்சுவர் வெயிலில் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. அவள் துணியால் துடைத்துவிட்டுப் போவாள். காலையில் வந்தால் மறுபடி ஈரம். மூன்றாம் நாள் துணி எடுத்துவரச் சோம்பல்பட்டு, கட்டைவிரலால் வழித்து, ஆள்காட்டி விரலோடு சேர்த்துப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு நூல் இழுபட்டது. அறுந்து போகாமல் நீண்டது.

அவள் பல் டாக்டர். பதினோரு வருடமாக அடுத்தவர் வாய்க்குள் விரலை விட்டுப் பிழைப்பவளுக்கு அந்த நூலைத் தெரியாதா என்ன. ராத்திரி முழுக்க வாயைத் திறந்துவைத்துத் தூங்கியவர்களின் காலை எச்சில் அப்படித்தான் இழுபடும். மரப்பிசினாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே கையை இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவினாள்.

அந்த அறை பட்டாணிக்காக ஒழித்து வைத்திருந்த அறை. பட்டாணி அவளுடைய மகள், ஆறு முடிந்து ஏழு நடக்கிறது. பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் வந்த பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் மட்டும்தான் வேறு பெயர் இருக்கிறது. பட்டாணியின் அப்பாவும் அவளும் பிரிந்து எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து குழந்தை அத்தை வீட்டில் வளர்ந்தது. இப்போது அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது, திங்கட்கிழமை கிளம்புகிறார். குழந்தை யாரோடு என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பட்டாணி அம்மா வீட்டுக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வந்து பார்ப்பார். பிள்ளை இருக்கத் தகுந்த இடம் என்று அவருக்குத் திருப்தியானால் பிள்ளை இங்கே. இல்லாவிட்டால் அவரோடு போய்விடும், வருடத்துக்கு ஒருமுறை விடுமுறைக்கு வரும்.

"அந்த மாடி ரூம்ல ஏதோ நாத்தம் அடிக்குது. நான் அன்னைக்கு வந்தப்பவே பார்த்தேன். அதுல என் பிள்ளையைப் படுக்க வைக்க மாட்டேன்," என்று போனில் முன்கூட்டியே சொல்லியும் விட்டார். கழுவி வைத்த டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கிற மனுஷர். அவர் மூக்கை ஏமாற்றவே முடியாது.

தச்சர் வந்து பார்த்தார். பலகையைத் தொடவில்லை, ஓர் எட்டு தள்ளி நின்றே பார்த்தார்.

"இது ஆகாது டாக்டரம்மா. மொத்தமா கழட்டிப் போட்டுட்டு புதுசு வைக்கணும்."

"எவ்வளவு நாள் ஆகும்ணா?"

"சட்டத்தோட வரும். சுவத்தையும் கொஞ்சம் உடைக்கணும். கையில வேற வேலை இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு வரட்டுமா?"

அவளுக்கு இருந்ததோ ஒன்பது நாள். சொத்தையைத் தோண்டி எடுத்துவிட்டு அடைக்கிற வேலைதானே, தினமும் பத்துப் பேருக்குச் செய்கிறேன், பல்லைவிட மரம் என்ன பெரிய கொம்பா என்று நினைத்துக்கொண்டாள். படித்தவர்களுக்கே உரிய திமிர் அது. அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ச் சுரண்டி, உப்புத்தாள், மரத்துக்கு வைக்கிற லப்பம், ப்ரைமர், வெள்ளை பெயிண்ட் எல்லாம் வாங்கி வந்தாள். மற்ற கருவிகள் க்ளினிக் பையிலேயே இருந்தன.

பச்சையைச் சுரண்டினால் அடியில் சந்தன நிறம் வந்தது, அதன் அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் காவி, காவிக்கு அடியில் மறுபடி ஒரு பச்சை. ஏழு பூச்சு எண்ணினாள். ஒருவர்கூட அடிவரை சுரண்டியதில்லை. குடிவந்தவர்கள் எல்லாம் மேலாகப் பூசி மறைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சுரண்டி ஆழமாகப் போகப் போக வறட்சியான கீச்சு ஒலி மாறி, பழைய சப்பாத்தி மாவில் கத்தி போகிற மாதிரி நசநசவென்று ஒரு சத்தம் கேட்டது. உரிந்த பெயிண்ட் தோல்கள் காய்ந்த குப்பையாக விழாமல், கையுறையில் ஒட்டிச் சுருண்டுகொண்டன. கடைசிப் பூச்சு போனதும் வாடை எழுந்தது.

மக்கின மரத்தின் வாடை அவளுக்குத் தெரியும், மழைக்காலத்து விறகுக் கட்டில் வருவது. இது அது இல்லை. வாயில் வருகிற நாற்றங்களில் அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பல் தேய்க்காத வாய் ஒரு மாதிரி, ஈறு புண்ணான வாய் ஒரு மாதிரி. நரம்பு எப்போதோ செத்து, வெளியே தெரியாமல் வருடக்கணக்கில் உள்ளேயே அழுகிக் கிடந்த பல்லை முதல்முதலாகத் துளைக்கும்போது கிளம்புகிற நாற்றம் தனி. மூடி வைத்திருந்த சாவு அது. அனுபவப்பட்ட டாக்டர்களே ஒரு விநாடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதேதான் இப்போது ஜன்னலிலிருந்து வந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முகக்கவசத்தின்மேல் இன்னொரு முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

முனை வளைந்த ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தாள். இரண்டு ஓரங்களிலும் மரம் கெட்டியாக இருந்தது, ஊசி டக்கென்று நின்றது. நடுவில் ஒரு முழ நீளத்துக்கு ஊசி இறங்கிக்கொண்டே போயிற்று. கரண்டி போன்ற சின்னக் கருவியால் வழித்தெடுத்தாள். மேலே இருந்தது ஈரத்தூளாக உதிர்ந்தது. அடியில் இருந்தது பழுப்பாக, தோல்போல, ஏடு ஏடாகக் கிளம்பியது. ஒவ்வொரு ஏட்டுக்கும் அடியில் அந்த இழுபடுகிற நீர் ஊறியிருந்தது. நான்கு சாயங்காலம் அதே வேலை. ஒரு வாளி நிறைந்தது. வாளியைப் பின்கட்டுக்கு எடுத்துப்போய்க் கொட்டும்போது அவள் உள்ளே பார்க்கவில்லை. பதினோரு வருடத்தில் ஒரு நோயாளியின் வாயைப் பார்த்தும் குமட்டாதவளுக்கு அந்த நான்கு நாளும் ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம், வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கும்போதே, அடிமட்டத்துக்கு வந்தாள். கருவியை வைத்து மெல்ல ஓர் இழுப்பு இழுத்தாள். பழுப்பு ஏட்டுக்கு அடியில் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது. பட்டாணி மணி அளவு. கருவியின் முனை அதைத் தொட்டது.

பலகை துள்ளியது.

கண்ணாடி நான்கும் கிடுகிடுத்தன, கொண்டி தெறித்து விழுந்தது. முழு ஜன்னலும் ஒரே தசைபோல இறுகி, பிறகு மெல்லத் தளர்ந்தது. அவளோ பழக்க தோஷத்தில், "அவ்வளவுதான், அவ்வளவுதான், முடிஞ்சுது, வாயை மூடாதீங்க," என்று சொல்லிவிட்டாள். தன் குரல் காலி அறையில் கேட்டதும் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. அந்த இளஞ்சிவப்பு மணியிலிருந்து ஒரு சொட்டு ஊறி வழிந்து, குழியின் ஓரத்தில் தேங்கியது.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே படி இறங்கி ஓடியிருப்பார்கள். தச்சராக இருந்தால் ரம்பத்தை எடுத்து அறுத்துப் போட்டிருப்பார். அவள் படித்த படிப்பு அவளை வேறு மாதிரி செய்ய வைத்தது. நரம்புக்குக் கிட்டத்தில் போய்விட்டால் மேற்கொண்டு தோண்டக் கூடாது. கடைசி ஏடு சொத்தையை அப்படியே விட்டு, மேலே மருந்து வைத்து, காற்றுப் புகாமல் இறுக்கி அடைத்துவிட வேண்டும். அடைத்துவிட்டால் கிருமி பட்டினி கிடந்து சாகும், உயிருள்ள பல் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான பேருக்கு அப்படிச் செய்து பல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். அதில் தப்பு நடந்ததும் உண்டு. உள்ளே ஏற்கெனவே அழுக ஆரம்பித்துவிட்டதைத் தெரியாமல் மூடிவிட்டால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். ஆனால் நாள் குறைவாக இருந்தது, இன்னும் ஒருமுறை அதைத் தொட அவளுக்குத் துணிவில்லை.

பஞ்சால் ஒற்றி எடுத்தாள். கிராம்புத் தைலம் வைத்தாள். லப்பத்தைக் குழைத்துத் திணித்துத் திணித்து அடைத்தாள்.

மறுநாள் அது கல்லாக இறுகியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து, இரண்டு கை வெள்ளை பெயிண்ட் அடித்தாள். கண்ணாடிபோல வந்தது. நாற்றம் போன இடம் தெரியவில்லை. நான் தொட்டு ஆகாத சொத்தை உண்டா என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை தச்சர் அந்தப் பக்கமாக வந்தவர், கேட்காமலே மாடிக்கு ஏறி வந்தார். விரல் முட்டியால் பலகையைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். ஓரத்தில் தட்டினார், நடுவில் தட்டினார், மறுபடி நடுவில் தட்டினார்.

"உள்ள இருந்ததையெல்லாம் எடுத்துட்டீங்களா டாக்டரம்மா?"

"எடுத்துட்டேன்ணா."

"முழுசா?"

"முழுசா எடுத்துட்டேன்."

"மக்கினது துளி இருந்தாலும் மூடக் கூடாது. உள்ள இருந்து வேலை செய்யும்." அவர் முட்டியை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், பிறகு தோள் துண்டில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மூன்று வருடப் பழக்கத்தில் அவர் காபி வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை பட்டாணி வந்தாள். ஒரு பையில் துணி, ஒரு பையில் பொம்மைகள். வந்ததும் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தை வயிற்றில் புதைத்து, "நான் இங்கயே இருப்பேனாம்மா?" என்று கேட்டாள். எட்டு மாதத்தில் குழந்தை இரண்டு விரல்கடை வளர்ந்திருந்தது. அம்மாவின் தொழில் தெரிந்த குழந்தை, கேட்காமலே வாயைத் திறந்து காட்டியது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது, மற்றதெல்லாம் முத்து முத்தாக இருந்தது. ஒரு புள்ளி சொத்தை கிடையாது.

மாடி அறையைப் பார்த்ததும் பட்டாணி நேராக ஜன்னலுக்குப் போனாள். பலகையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, தெருவைப் பார்க்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது சூடா இருக்கு."

"வெயில் பட்டிருக்கும்டா."

ஜன்னல் வடக்குப் பார்த்தது. அந்தப் பக்கம் வெயில் வருவதே இல்லை.

சனிக்கிழமை காலை போர்வை மடிக்கப் போனபோது அவள் சுவரைப் பார்த்தாள். பலகைக்குக் கீழே, ஒரு சாண் இறக்கத்தில், சுவரின் சுண்ணாம்புப் பூச்சு உப்பியிருந்தது. நேற்று அங்கே ஒன்றும் இல்லை. பாதி எலுமிச்சம்பழம் கவிழ்த்த அளவு. விரலை வைத்தாள். சுண்ணாம்பு உடையவில்லை, உதிரவில்லை. விரலுக்கு அடியில் மெத்தென்று அமுங்கி, விரலை எடுத்ததும் திரும்பி எழும்பியது. வெதுவெதுப்பாக இருந்தது. கீழ்ப்பக்கம் உள்ளே ஏதோ இங்கிருந்து அங்கே நகர்ந்தது.

உள்ளே அழுகினதை மேலே அடைத்தால் சீழ் சும்மா இருக்காது. எலும்பு எங்கே மெலிசோ அங்கே துளைத்துக்கொண்டு ஈறில் வந்து முட்டும். சோற்று உருண்டை மாதிரி உப்பின ஈறுகளை எத்தனை முறை கீறிவிட்டிருக்கிறாள். இதற்கும் அதுதான் வைத்தியம். மேலே அடைத்ததைப் பிளந்துவிட வேண்டும். பிளந்தால் அந்த நாற்றம் வீடு முழுக்க நிற்கும், சுவர் வழியும், நாளை ஐந்து மணிக்கு அவர் வாசற்படியிலேயே மூக்கைச் சுளித்துவிட்டுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். ஒரே ஒரு நாள். நாளைக்கு அவர் போனதும் முதல் வேலையாக உடைத்துவிடலாம் என்று முடிவு செய்து, உப்பின இடத்தை மறைக்கத் துணி அலமாரியை இழுத்துப் போட்டாள்.

மத்தியானம் கண்ணாடிகள் அதிர ஆரம்பித்தன. தெருவில் லாரி போனால் அதிர்வதுபோல மெலிதாகத்தான். லாரி கடந்து போய்விடும், இது நிற்கவில்லை. ஓர் அதிர்வு, ஓர் இடைவெளி, ஓர் அதிர்வு. அவள் மணிக்கட்டில் விரலை வைத்துத் தன் நாடியோடு ஒப்பிட்டாள். அதைவிட மெதுவாக, நிதானமாக, பெரிதாக இருந்தது.

"பட்டாணி, இன்னைக்கு நீ அம்மா ரூம்ல படுத்துக்கோ. சரியா?"

கீழே நின்றே இரண்டு தடவை கூப்பிட்டாள். மாடிக்கு ஏறிப் பார்த்தாள். குழந்தை ஸ்டூல் போட்டு ஏறி, பலகையின்மேல் வலது கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கையால் பலகையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், பொம்மையைத் தூங்க வைப்பதுபோல.

"என்ன பண்ற?"

"அதுக்கு வலிக்குதும்மா. நான் கன்னத்தை வச்சா குறையுது."

அவள் ஓடிப்போய்க் குழந்தையை வாரி எடுத்தாள். கன்னம் பலகையிலிருந்து பிரியும்போது ஒரு சத்தம் வந்தது, ஈரத்துணியை உரிப்பதுபோல. கன்னத்துக்கும் பலகைக்கும் நடுவே நூல் நூலாக இழுபட்டது. வெள்ளை பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. கீறலே இல்லாத பெயிண்டின் மேல் பலகை வியர்த்திருந்தது. குளியலறைக்குத் தூக்கிப்போய் சோப்பு போட்டுக் கழுவினாள், மறுபடி கழுவினாள், குழந்தை எரியுது எரியுது என்று அழுகிறவரை கழுவினாள். அதற்குப் பிறகு அந்தக் கன்னத்தில் முத்தம் கொடுக்கக் குனிந்தாள். முடியவில்லை. உதடு கிட்டே போய்த் திரும்பி வந்தது. சொந்தப் பிள்ளையிடம் அருவருப்பா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்று இரவு குழந்தையைத் தன் கட்டிலில் சுவரோரம் படுக்க வைத்து, மாடி அறையைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். காலையில் சாவி அங்கேதான் இருந்தது. குழந்தையும் பக்கத்தில்தான் இருந்தது. அதன் பாதங்களின் அடியில் மட்டும் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது.

மாடிக்கு ஓடினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்து, அலமாரியை நகர்த்தினாள். சுவர் தட்டையாக இருந்தது. தொட்டால் குளிர்ச்சி. வெறும் சுண்ணாம்பு. கண்ணாடிகள் அசையவில்லை. பலகை உலர்ந்து, வெள்ளையாக, சமர்த்தாக இருந்தது. மூக்கை அதன்மேல் வைத்தே முகர்ந்தாள். பெயிண்ட் வாடை, அவ்வளவுதான். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில்தான் அழுதாள். சுவரில் வெடிப்பு இருந்ததா, கதவுக்குக் கீழே எவ்வளவு இடைவெளி, குழந்தையின் காலில் எப்படித் தூள் வந்தது என்பதை எல்லாம் அவள் யோசிக்க விரும்பவில்லை.

பத்து மணிக்குப் பாத்திரம் கழுவும்போது கை நின்றது.

வீங்கின முகத்தோடு சனிக்கிழமை போன் செய்கிறவர்கள், திங்கட்கிழமை சிரித்துக்கொண்டு வருவார்கள். தானாவே வத்திப்போச்சு டாக்டர், வலியே இல்ல. அவள் சிரிக்க மாட்டாள். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் திருப்புவாள். தானாக எதுவும் வற்றாது. வற்றியது என்றால் வெளியேற வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எங்கே உடைந்தது என்றுதான் தேட வேண்டும்.

தேடினாள். வெளிச்சுவர் காய்ந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே மண் காய்ந்திருந்தது. கீழ் அறையின் கூரை, மூலைகள், தரை ஓரம், அலமாரியின் பின்புறம், மெத்தையின் அடி. எல்லாம் காய்ந்து கிடந்தன. மத்தியானம் பட்டாணி சாப்பாடு வேண்டாம் என்றாள். வயிறு நிறைய இருக்கிறது என்றாள். காலையிலிருந்தே அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

நாலரை மணிக்குத் தலை பின்னிவிடக் குழந்தையை மடியில் உட்கார வைத்தாள். புது கவுன், புது ரிப்பன். அப்பா வருகிற நேரம். பட்டாணி பொம்மையைப் பற்றி ஏதோ சொல்லத் திரும்பினாள்.

அந்த நாற்றம்.

சீப்பு கையிலிருந்து நழுவியது.

"பட்டாணி. ஆ காட்டு."

குழந்தை சமர்த்தாக வாயைத் திறந்தது. மேல் வரிசை முத்து. கீழ் வரிசை இடப்பக்கம் முத்து. வலப்பக்கம் கடைசிப் பால்பல். பழுப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை அது வெள்ளை. பழுப்பில் கோடுகள் இருந்தன. மெல்லிய, வளைந்த, ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிற கோடுகள். பல்லில் அப்படிக் கோடு இருக்காது. மரத்தில் இருக்கும்.

பையிலிருந்து ஊசியை எடுத்தாள். தொட்டாள். ஊசி நிற்கவில்லை. இறங்கியது. பால்பல்லுக்கு என்ன ஆழம், ஒரு நெல்மணி இருக்குமா. ஊசியின் வளைந்த முனை முழுக்கப் போயிற்று. தண்டு போயிற்று. தாடையைத் தாண்டி வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. போய்க்கொண்டே இருந்தது. அவள் விரல் குழந்தையின் உதட்டில் இடித்தபோதுதான் நின்றது.

"வலிக்குதா?"

பட்டாணி வாயைத் திறந்தபடியே இல்லை என்று தலையாட்டினாள். கண் சிரித்தது. ஊசியை இழுத்தாள். ஒரு நூல் கூடவே வந்தது. அறாமல் நீண்டது. நாடித் துடிப்பின் தாளத்தில் மெல்ல ஆடியது.

தெருவில் கார் நிற்கும் சத்தம்.

சொல்லிவிடலாம். சொன்னால் ஆஸ்பத்திரி, அதற்கப்புறம் அவர், அதற்கப்புறம் வேறு ஊர். இரண்டு நாளில் என் பிள்ளையை என்ன பண்ணின என்று கேட்பார். குழந்தை திரும்பி வராது. கதவு மணி அடித்தது. அவள் பையைத் துழாவினாள். பஞ்சு. தைலம். தற்காலிகமாக அடைக்கிற வெள்ளைப் பசை. ஒற்றினாள், வைத்தாள், விரலால் திணித்தாள். பிதுங்கியதை வழித்துவிட்டு மறுபடி திணித்தாள். விரலுக்கு அடியில் ஏதோ எதிர்த்துத் தள்ளியது. இன்னும் அழுத்தினாள். கை நடுங்கவே இல்லை. அதுதான் அவளுக்குக் கூசியது.

"அப்பா வந்தா வாயைப் பெருசா திறக்கக் கூடாது. சரியா?"

"சரிம்மா."

அவர் மாடிக்கு வந்தார். அறையின் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினார், ஒரு தடவை, இரண்டு தடவை. ஜன்னலருகே போய்ப் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா பண்ணியிருக்கியே. யார் வேலை?"

"நானேதான் பண்ணினேன்."

அவர் தடவிய விரலை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு பட்டாணியைத் தூக்கினார். "வாயில மருந்து வாசனை வருது. அம்மா பல்லு பார்த்தாளா? என்ன, இங்கயே இருக்கியா?" குழந்தை உதட்டை மூடியபடி சிரித்துத் தலையாட்டியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி. உன்கிட்டயே இருக்கட்டும்," என்றார், அவளைப் பார்க்காமல். எட்டு மாதமாக அவள் காத்திருந்த சொல் அது. நன்றி என்று சொன்னாள். சொல்லும்போது குழந்தையின் வலது கன்னத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அது சிவந்திருந்தது. பளபளத்தது.

வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் காரில் ஏறினார்.

"அம்மா, வலிக்குது."

"எங்கடா?"

பட்டாணி இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வீங்கிய கன்னத்தை அம்மாவின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். கொதித்தது. துடித்தது. மெதுவாக, நிதானமாக, பெரிதாக.

கார் நகரவில்லை. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தள்ளிவிட வேண்டும். கை எழுந்தது. அவர் பார்க்கிறார். எழுந்த கையை ஆட்டினாள், போய் வாருங்கள் என்று. கன்னத்தில் ஏதோ இளகியது. வெதுவெதுப்பாக நனைந்தது. உள்ளே இறங்கியது. அவள் நாக்கு தன் வாயில் கீழ்வரிசைக் கடைசிப் பல்லைத் தேடிப் போனது. தொட்டது. பல் அமுங்கியது.

"இன்னும் கொஞ்ச நேரம்மா," என்றாள் பட்டாணி அவள் காதில். "குறையுது."

அவர் சிரித்துக் கையாட்டினார். அவள் வாயைத் திறக்காமல் சிரித்தாள்.